கித்துளின் தபசுகாலம்

முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், இறால் பிடித்து வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஒன்றுமே பிடிக்காமல் ஊர்க்கதை கதைத்தே காலத்தை ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். குதிரை வளர்த்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் புனிதமலரின் வீட்டைத்தான் காட்டவேண்டும். அந்தக் குதிரையும் முற்றத்தில் நிற்கவில்லை, போனுக்குள் நின்றது.

அதன் பெயர் கித்துள். கித்துள் மரத்துப் பாணியின் கபில நிறம் என்று யதுசா வைத்த பெயர். யதுசா புனிதமலரின் மகள், ஒரே பிள்ளை, பத்தாம் தரம் படித்தவள். போன மார்கழியில் வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தாள். பிறகு காய்ச்சல் என்று படுத்தாள். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நத்தார்ப் பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைத்தான் பெட்டிக்குள் போட்டு அனுப்பினார்கள். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லப் புனிதமலருக்கு வாய் வராது, நாமும் அவளைக் கேட்கக்கூடாது.

உயிரோடு இருந்த காலத்தில் யதுசா வாய் ஓயாத பிள்ளை. புனிதமலர் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டும்போது பக்கத்தில் பலகையைப் போட்டுக் குந்திக்கொள்வாள். கையில் போன். எந்தப் பொத்தானை அமத்தினால் குதிரை கரட் தின்னும், எதை அமத்தினால் தண்ணீர் குடிக்கும், எதை அமத்தினால் படுக்கும் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லுவாள். தாய் செதில் ஒட்டிய கையோடு தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். பாதி காதில் விழும், பாதி பூனையை விரட்டுவதில் போய்விடும்.

கித்துள் முதலில் ஒரு குட்டி போட்டது. சந்தோசத்தில் தலை கால் தெரியாமல், குட்டி போட்ட கையோடு யது அதைத் திரும்பவும் சோடி சேர்த்தாள். இரண்டாவது குட்டி நோஞ்சானாய் வந்தது. ஓடவிட்ட போட்டியெல்லாம் கடைசி. தீன் போட்டுக் கட்டுப்படியாகாமல் இரண்டையும் கேமுக்குள் இருக்கிற சந்தையில் விற்றாள். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் யாரோ வாங்கிப்போனார்கள். அன்றைக்கு யது சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை.

"என்ர பிழைதானம்மா. ஆறவிடாமல் அடுத்தடுத்துப் போட விட்டிட்டன். அதுவும் ஒரு உயிர்தானே."

"போனுக்குள்ள இருக்கிறதோ உயிர்?"

"சும்மா இருங்கோம்மா. இஞ்ச பாருங்கோ, கீழ ஒரு பச்சைக்கோடு இருக்குது. இது முழுக்க நிரம்பினாப் பிறகுதான் இனி அடுத்தது. நல்லா ஆறி எடுத்து ஒரேயொரு குட்டி போட்டாலும் ராசாத்தி மாதிரி வரும்."

"ஷமீலாவின்ர குதிரையள் ஓயாமல் போடுது எண்டு சொன்னாய்?"

"அவள் விசரி. அவளுக்கு எண்ணிக்கைதான் வேணும். லாயம் நிறைய நோஞ்சானுகள்."

ஷமீலா நீராவிப்பிட்டி முஸ்லிம் பிள்ளை. யதுவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இந்தக் கேமை யதுவுக்குக் காட்டிக் கெடுத்தவளே அவள்தான். அவளிடம் சுல்தான் என்று ஓர் ஆண்குதிரை இருந்தது. கித்துளுக்கு அடுத்த மாப்பிள்ளை சுல்தான்தான் என்று இரண்டு பேருமாய்ச் சம்பந்தம் பேசி முடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சீதனம் கேட்கவில்லையாம், நல்ல ஆட்களாம் என்று யது தாய்க்கு அறிவித்தாள். புனிதமலர் அன்றைக்குச் சிரித்த சிரிப்புத்தான் அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட பெரிய சிரிப்பாக இருக்கவேண்டும்.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை போன் யதுவின் உடுப்புகளோடு அலுமாரிக்குள் கிடந்தது. பூசை முடிந்த மறுநாள் புருசன்காரன் றொமேஸ் அதை எடுத்துச் சார்ஜில் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கும் தெரியாது. கடலுக்குப் போய் வந்து, வலையை ஒதுக்கிவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் போட்டான். போன் உயிர் பெற்றதும் கித்துள் வந்து நின்றது. மெலியவில்லை, வாடவில்லை. மினுமினுவென்று நின்று வாலை ஆட்டியது.

யார் தீன் வைத்தது என்று பார்த்தால், ஷமீலா. சிநேகிதப்பிள்ளையின் குதிரைக்கு அங்கேயிருந்தே தீன் வைக்கலாமாம். செத்த வீட்டன்று தொடங்கி ஒரு நாளும் விடாமல் வைத்திருக்கிறாள். புனிதமலர் அதைக் கேட்டு நிலத்தில் இருந்து அழுதாள். றொமேஸ் அழவில்லை. அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மலர், இதிட்டை ஒரு குட்டி எடுப்பம்."

"எடுத்து?"

"யது எண்டு பேர் வைப்பம்."

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஆனால் அந்த நிமிசத்திலிருந்து அந்த இரண்டு பேருக்கும் உலகத்தில் வேறு ஆசை இருக்கவில்லை. மகள் தன் கையால் வளர்த்த குதிரை, அதன் வயிற்றிலிருந்து ஒரு குட்டி, அதற்கு யது என்று பெயர். காலையில் எழும்பி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தீன் வைக்கலாம். வீட்டுக்குள் யாரும் கூப்பிடாமல் கிடந்த பெயர் அது. கூப்பிட ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

றொமேஸ் அப்போதே சோடி சேர்க்கச் சொன்னான். புனிதமலர் பச்சைக்கோட்டைப் பார்த்தாள். பாதிகூட நிரம்பவில்லை.

"இல்லையப்பா. பிள்ளை ஆறவிடச் சொன்னவள்."

"அது அவள் சொன்னது அப்ப."

"அப்பவோ இப்பவோ, அவள் சொன்னதுதான். இது நோஞ்சானா வரக்கூடாது. யது எண்டு பேர் வைக்கப்போறம்."

அதற்கு மேல் அவன் கதைக்கவில்லை. கதைக்காமல் விடுவது அவனுக்குப் பழக்கம். யது, யுத்தம் முடிந்து இவர்கள் அடைபட்டிருந்த செட்டிகுளம் முகாமுக்குள் பிறந்தவள். தறப்பாள் கொட்டிலுக்குள் பிறந்த பிள்ளை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று றொமேசுக்கு ஆசை இருந்தது. முகாமை விட்டு வெளியில் போவம் என்றாள் புனிதமலர். வெளியில் வந்தார்கள். வீட்டுத்திட்டம் முடியட்டும் என்றாள். வீடு முடிந்தது. போட் ஒன்று எடுத்துவிட்டால் பிறகு பயமில்லை என்றாள். அதுவும் எடுத்தார்கள். பிறகு பார்த்தபோது பிள்ளை தங்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் அம்மா, வயது போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வரும்வழியில் றொமேஸ் அவளுக்குத் தோடம்பழம் வாங்கிக் கொடுத்தான். ஒரு சொல் குறை சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அப்படியாகப் பச்சைக்கோட்டுக்குக் காவல் தொடங்கியது. போட் கரைக்கு வந்ததும் முன்பெல்லாம் புனிதமலர் என்ன மீன் என்று கேட்பாள். இப்போது றொமேஸ் கேட்டான், கோடு எவ்வளவு என்று. சூடைமீன் வலையில் செருகிக் கிடக்கும். ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டே அவள் சொல்லுவாள், கொஞ்சம் ஏறியிருக்கு என்று. பக்கத்துப் போட்காரர் கேட்டால் இவர்கள் இரண்டு பேருக்கும் மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால்தான் என்ன, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குத் தட்டாமல் யாருக்குத் தட்டும்.

கோடு நிரம்பியது. நிரம்பிய நாளைத்தான் பாருங்கள். விபூதிப் புதன் முடிந்து முதல் வெள்ளிக்கிழமை.

றொமேஸ் அன்றைக்குக் கடலால் வந்து முகம்கூடக் கழுவவில்லை. உப்புப் பிடித்த கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான். ஷமீலாவிடமிருந்து அழைப்பும் வந்து நின்றது. சுல்தானின் படம், பக்கத்தில் சம்மதம் சொல்லும் பொத்தான். ஒரு தரம் அமத்தினால் போதும்.

"அமத்தாதேங்கோ," என்றாள் புனிதமலர்.

"ஏன்?"

"தபசு தொடங்கிட்டுது."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அவன் சிரித்து எவ்வளவோ நாள்.

"விசரே உனக்கு? போன் குதிரைக்கு ஆரப்பா தபசு பாக்கிறது? சுவாமியிட்டைச் சொல்லி மூண்டு ஞாயிறும் கோயிலில கூறச் சொல்லுவமோ, கித்துளுக்கும் சுல்தானுக்கும் கலியாணம், தடை இருந்தாச் சொல்லுங்கோ எண்டு?"

"நக்கலடிக்காதேங்கோ. உயிர்த்த ஞாயிறு மட்டும் நாப்பது நாளும் தபசு, அதுக்குள்ள எங்கட சனம் கலியாணம் செய்யிறேல்லை."

"இது கலியாணமே?"

"எனக்கு அப்பிடித்தான். அவள் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை. அவளின்ர குதிரை. போன தபசுக்கு அவள் என்ன செய்தவள் எண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?"

ஞாபகம் இருந்தது. போன வருடம் தபசுக்கு ஒறுத்தல் என்று யது கேமையே விட்டாள். போனைத் துண்டில் சுற்றி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். இறைச்சியை விடு பிள்ளை, அது போதும் என்று தாய் சொல்லியும் கேட்கவில்லை. பிடிக்காததை விட்டால் அது ஒறுத்தலோ என்று கேட்டாள். உயிர்த்த ஞாயிறன்று எடுத்துத் திறந்தபோது கித்துள் அப்படியே நின்றது. ஷமீலா தீன் வைத்துப் பார்த்திருந்தாள். ஆகவே மூடி வைத்தால் குதிரைக்கு ஒன்றும் நடக்காது. புனிதமலர் இதைக் கண்ணால் கண்டவள்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் புருசனிடம் சொல்லவில்லை. இந்தத் தபசை ஒரு பிழையும் இல்லாமல் பிடித்தால், பிள்ளைக்கு அந்தப் பக்கம் நல்ல இடம் கிடைக்கும் என்று நேர்ந்திருந்தாள். நேர்த்திக்கு நடுவில் பிள்ளையின் குதிரையைக் கொண்டுபோய்ச் சோடி சேர்ப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. பிழைத்துவிட்டால் என்ன செய்வது. யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது.

"தபசு முடியட்டும்," என்றாள். "எங்கயும் ஓடிப்போகாது. பாஸ்குப் பூசைக்குப் போட்டு வந்து, உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு ரெண்டு பேருமா அமத்துவம். நல்ல நாள்."

றொமேஸ் போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு கொடுத்தான். அவள் அதைத் துண்டில் சுற்றி, மகள் வைத்த அதே இடத்தில், மாதாவின் காலடியில் வைத்தாள்.

தபசு நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, வீட்டில் வியாகுலப் பிரசங்க வாசிப்பு, புதனும் வெள்ளியும் ஒருநேரச் சாப்பாடு. முழங்காலில் நின்று நின்று புனிதமலருக்கு முழங்கால் கறுத்துப்போனது. அந்த வருடம் ஷமீலா வீட்டு ரமழான் நோன்பும் இவர்களின் தபசும் ஒன்றாக வந்திருந்தன. நீராவிப்பிட்டியிலும் பட்டினி, கரையிலும் பட்டினி.

நடுத்தபசில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஷமீலா சைக்கிளில் வந்தாள். கூடையில் ஒரு வாளி நோன்புக் கஞ்சி. புனிதமலர் வெள்ளைச் சீலை உடுத்துச் சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டு நின்றாள். கோயில் மணி அடித்துவிட்டது.

"இறைச்சி போடேல்லை அன்ரி. வெள்ளிக்கிழமை எண்டு உம்மா உங்களுக்கு வேறயாக் காய்ச்சினவ."

"உம்மாவுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் பிள்ளை. நீ குடிச்சிட்டியோ?"

"இல்லை அன்ரி, இன்னும் பள்ளியில வாங்கு சொல்லேல்லை." வாளியைக் கொடுத்துவிட்டும் பிள்ளை போகாமல் நின்றாள். சைக்கிள் மணியை விரலால் நோண்டினாள். "அன்ரி, கித்துளின்ர விசயம் ஒண்டு..."

"அது தபசு முடிஞ்ச பிறகுதான் பிள்ளை. நான் நோன்பு. போனையே தொடுறேல்லை."

"இல்லை அன்ரி, அதுக்கு முன்னம்..."

"பிறகு கதைப்பம் ராசாத்தி. கோயிலுக்குப் பிந்துது."

ஷமீலா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். சரி அன்ரி என்றாள். புனிதமலர் கஞ்சி வாளியைக் குசினிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மணிச் சத்தத்துக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். திரும்பிப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி இன்னும் நிற்பதைக் கண்டிருப்பாள். பார்க்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசைக்குப் போய் வந்தார்கள். செத்த வீட்டு வருடம் என்றபடியால் சமையல் பெரிதாக இல்லை. ஆனால் றொமேஸ் முகம் வழித்து, மடிப்புக் கலையாத சேட் போட்டிருந்தான். புனிதமலர் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். துண்டை அவிழ்த்துப் போனைச் சார்ஜில் போட்டார்கள். இரண்டு கதிரையை இழுத்து, பொம்பிளை பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒழுங்காக இருந்தார்கள்.

கித்துள் வந்தது. அதே மினுமினுப்பு, அதே வால். பச்சைக்கோடு நுனிவரை நிரம்பி நின்றது.

"நீ அமத்து," என்றான் றொமேஸ்.

"ரெண்டு பேரும்."

இரண்டு விரலும் ஒன்றாகப் பட்டன. ஒன்றும் நடக்கவில்லை. சோடி சேர்க்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவள் தனியாக அமத்தினாள், அவன் தனியாக அமத்தினான். டேட்டா முடிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு றொமேஸ் சேட் கசங்க ஓடிப்போய் றீலோட் போட்டு வந்தான். பிறகும் சாம்பல்தான். புனிதமலர் ஷமீலாவுக்குப் போன் எடுத்தாள்.

பிள்ளை வந்து சேரும்வரை மெழுகுதிரி பாதியாகிவிட்டது. சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு ஓடிவந்து போனை வாங்கினாள். பார்த்தாள். அவளுடைய முகம் விழுந்துபோனது.

"அன்ரி..."

"என்ன பிள்ளை? பழுதாகிட்டுதோ?"

"இல்லை அன்ரி. கித்துளுக்கு வயசு போயிட்டுது. இனி அது குட்டி போடாது."

"வயசோ? போனுக்குள்ள நிக்கிறதுக்கு என்ன வயசு?"

"நாங்கள் திறந்தாலும் மூடினாலும் அதுக்கு வயசு ஏறிக்கொண்டுதான் இருக்கும் அன்ரி. இந்தக் கேக் படத்துக்குப் பக்கத்தில இருக்கிற நம்பர்தான் வயசு. இவ்வளவுக்கு மேல போனா விடாது."

கேக் படத்தைப் புனிதமலர் நெடுகக் கண்டவள்தான். வென்ற பரிசு ஏதோ என்று நினைத்திருந்தாள்.

"எப்ப?" என்று றொமேஸ் கேட்டான். "எப்ப முடிஞ்சது?"

ஷமீலா விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை, அங்கிள்."

பெரிய வெள்ளி. இவர்கள் இரண்டு பேரும் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்ற நாள். வியாழக்கிழமை திறந்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

மூலையில் ஒரு கடித உறை மினுங்கிக்கொண்டிருந்தது. ஷமீலா அதைத் தொட்டாள், பிறகு தொட்டிருக்கக்கூடாது என்பதுபோலக் கையை எடுத்தாள். அதற்குள் திறந்துவிட்டது. தபசு முழுக்க அவள் அனுப்பிய அழைப்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. எல்லாவற்றிலும் சுல்தானின் முகம். எல்லாவற்றிலும் ஒரே வசனம்: யது, சுல்தான் ரெடி, வா. கீழே சிவப்பில் ஒவ்வொன்றுக்கும் காலம் முடிந்தது என்று போட்டிருந்தது. கணக்கு யதுவின் பெயரில் இருந்தபடியால் யதுவுக்குத்தான் போடவேண்டும். வா, வா என்று ஒரு பிள்ளை செத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுமொழி சொல்ல வேண்டியவள் போனைத் துண்டில் சுற்றி மூடிவிட்டு முழங்காலில் நின்றிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் ஷமீலாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான் அன்ரி. நீங்கள் நோன்பு எண்டியள். நோன்பு பிடிக்கிறவையை நோன்பை விடச் சொல்லக்கூடாது எண்டு வாப்பா சொல்லியிருக்கிறார். அது எங்கட நோன்பெண்டாலும் சரி, ஆரின்ர நோன்பெண்டாலும் சரி. நான் வீட்டை போய் அழுதனான் அன்ரி. சொல்லவும் ஏலாமல், விடவும் ஏலாமல்."

புனிதமலர் அந்தப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். என்ன குற்றம் சொல்ல முடியும். ஒழுங்காக வளர்ந்த பிள்ளை. இவளும் ஒழுங்காகத்தான் தபசு பிடித்தாள். எல்லோரும் ஒழுங்காக நடந்து நடந்து, குட்டி இல்லாமல் போய்விட்டது.

றொமேஸ் கதிரையால் எழும்பினான். மெழுகுதிரியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். குரல் உயரவே இல்லை.

"எல்லாத்தையும் பிறகு, பிறகு எண்டுதான் வைச்சனி மலர். அதுவும் அப்பிடித்தான் போனது. இதுவும் அப்பிடித்தான்."

அதுவும் என்று எதைச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். கிளினிக்கிலிருந்து வந்த வழி, தோடம்பழம், ஒரு சொல் சொல்லாமல் அவன் சைக்கிள் உழக்கிய முதுகு. இத்தனை வருடமும் அந்தச் சொல் அவன் நெஞ்சுக்குள் இருந்திருக்கிறது. குறை நினைக்காத மனிசன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். சொன்ன கையோடு அவனும் ஆடித்தான் போனான், வாயைத் திறந்து ஏதோ திருத்தப் பார்த்தான். வந்த சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது. சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கரைப்பக்கம் போய்விட்டான்.

"ஓம்," என்றாள் புனிதமலர், அவன் போன பிறகு.

ஷமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். "அன்ரி, என்ர லாயத்தில நல்ல குட்டி ஒண்டு இருக்குது. நோஞ்சான் இல்லை. தாறன். யது எண்டு பேர் மாத்துவம்."

"வேண்டாம் பிள்ளை."

"சும்மாதான் அன்ரி, ஒண்டும் தர வேண்டாம்."

"அதில்லையம்மா. அவள் தொட்டு வளர்த்தது கித்துளைத்தானே. அதின்ர வயித்தில வந்திருக்கோணும்."

பிள்ளை போனபிறகு அவள் மாதாவுக்கு முன்னால் நின்றாள். உமக்கு ஒரு பிழையும் விடாமல் தந்தேனே என்று கேட்கத்தான் நின்றாள். ஆனால் இதை மாதா கேட்டதில்லை, ஆண்டவரும் கேட்டதில்லை. குதிரைக்குத் தபசு பிடி என்று எந்தச் சுவாமியும் பிரசங்கம் வைத்ததில்லை. அவளாகப் பிடித்தாள். பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் பிடித்தாள், எல்லாவற்றையும் அந்தப் பயத்தில்தான் தள்ளி வைத்தாள், வீட்டுக்கு, போட்டுக்கு, நல்ல நாளுக்கு என்று. வாழ்க்கை தனக்காக எங்கேயோ ஒரு துண்டில் சுற்றிப் பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். மெழுகுதிரியை ஊதி அணைத்தாள்.

மறுநாள் காலை போட் வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து வலையில் மீன் கழற்றினார்கள். என்ன மீன் என்று அவளும் கேட்கவில்லை, கோடு எவ்வளவு என்று அவனும் கேட்கவில்லை. காகம் ஒன்று கிட்ட வந்து ஒரு சூடையைத் தூக்கிக்கொண்டு போனது, ஒருவரும் விரட்டவில்லை. வலை முடிகிற நேரத்தில் அவன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"குதிரைக்குத் தீன் வைச்சனியோ?"

"இன்னும் இல்லை."

"வை. பசியில நிக்கும்."

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள். கரட் பொத்தானை அமத்தினாள். கித்துள் குனிந்து தின்றது. கேக்குக்குப் பக்கத்து நம்பர் நேற்றையதைவிட ஒன்று கூடியிருந்தது, இனி அது ஏறி ஏறி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். கீழே பச்சைக்கோடு முழுக்க நிரம்பி நின்றது. யது சொன்னபடியே குதிரை நன்றாக ஆறியிருந்தது.